அடியில் இரண்டு விரற்கடை இடம்

மைசூர், தேவராஜ மொஹல்லா
14 ஜூன் 1938

யதுகிரிக்கு,

நஞ்சுண்டசாமி எழுதுவது. ‘இங்கே நலம், அங்கே நலமா’ என்று தொடங்கத்தான் கை வந்தது. இரண்டுமே பொய் என்பதால் அடித்துவிட்டேன்.

நீ ஆபீசுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. உன் டைப் மெஷின் துணி போர்த்திக்கொண்டு கிடக்கிறது. கடிதங்களை எல்லாம் நான் கையால் எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும் என்பது உனக்குத் தெரியும். பெங்களூர் டயர்காரன் ஒரு கடிதத்தைப் புரியவில்லை என்று திருப்பியே அனுப்பிவிட்டான். நான்கு பஸ் ஓட்டும் கம்பெனிக்கு இத்தனை கடிதம் எதற்கு என்று நீ கேட்பாயே, இப்போது நானும் அதையே கேட்கிறேன்.

புதன்கிழமை நடந்தது என் துரதிர்ஷ்டம். நான்கு மணி பஸ்ஸில் தபால் போயாக வேண்டும் என்று மேனேஜர் உன் தலைமேல் வந்து நின்றார். நீ வழக்கம்போல என் டிராப்டின் அடியைக் கிழிக்கவும் டைப் அடித்த காகிதத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தவும் விடாமல் இரண்டையும் அவரே பிடுங்கிக்கொண்டு போனார். அடியில் நான் பென்சிலில் எழுதியிருந்தது கண்ணில் பட்டுவிட்டது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் டயருக்கு எழுதிய இங்கிலீஷ் கடிதத்தின் கீழே தமிழுக்கு என்ன வேலை என்று கேட்கத் தெரியும்.

நான் அப்படி என்ன எழுதிவிட்டேன்? ‘மழையில் நனைந்துகொண்டு வந்தாயே, யதுகிரி. ரயிலடியில் என் குடைக்குள் வந்திருக்கலாமே. முசுடு பார்த்தால் பார்க்கட்டும்.’ இவ்வளவுதானே! நான் இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். மனதில் கள்ளம் இருந்தால் எழுதியா கொடுப்பேன்? எங்கள் ராமாபுரத்தில் ஏர் மாட்டைக்கூடக் கேலி பேசித்தான் ஓட்டுவோம். சிரிப்பில்லாத ஆபீஸ் ஜெயில் மாதிரி. வாய் சும்மா இருந்தாலும் என் பென்சில் சும்மா இருக்காது. அது என் சுபாவம்.

மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். ‘அதெல்லாம் எங்களுக்குள் சகஜம், சார்’ என்று சொல்லிச் சமாளித்தேன். பேச்சை அதோடு முடித்துவிடலாம் என்று பார்த்தேன். உன் மனம் இத்தனை புண்படும் என்று நினைக்கவில்லை. தவறு என்று தோன்றினால் மன்னித்துக்கொள். கோபம் ஆறியதும் வா.

நஞ்சுண்டசாமி

*

ஸ்ரீரங்கப்பட்டணம்
17 ஜூன் 1938

ஹெட்கிளார்க் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. என் தமிழ் கன்னடப் பள்ளியில் படித்தவளின் தமிழ். அப்பா இருந்தபோது வீட்டில் கற்றுக்கொடுத்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதாக நீங்கள் நினைப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. மேனேஜர்தான் வரவேண்டாம் என்றார். உங்களை விசாரித்து அனுப்பிய பிறகு என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் பழைய பைலைப் பிரித்து வைத்திருந்தார். ஜனவரியிலிருந்து நாற்பத்தொரு டிராப்டுகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு விரற்கடை கிழிந்திருந்தது. “நீவே ஹரிதிரா?” என்று கேட்டார். நான்தான் கிழித்தேன் என்றேன். வேறு என்ன சொல்வது? கிழிக்கச் சொன்னது நீங்கள், கிழித்தது என் கை. ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் ஏன் கிழிக்கவேண்டும் என்று கேட்டார்.

என் ஆறு மாதத் தவணை இந்த மாதத்தோடு முடிகிறது. முப்பதாம் தேதி டைரக்டர்கள் கூடி, என்னை நிலையாக வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வார்கள். மேனேஜர் எழுதி வைத்திருக்கும் குறிப்பை எனக்கே படித்துக் காட்டினார். ‘வேலை சுத்தம். ஆபீஸ் ஆண்களிடம் அளவு மீறிய பழக்கம்.’ இந்த ஒரு வரியோடு வெளியே வந்தால் மைசூரில் எந்தக் கதவும் எனக்குத் திறக்காது. நடத்தைச் சான்று இல்லாத ஒரு விதவையை எந்த ஆபீஸ் எடுத்துக்கொள்ளும்?

என் அண்ணா ஸ்ரீனிவாசராகவன் இங்கே பள்ளிக்கூட வாத்தியார். டைப் கற்க என்னை அனுப்பியவர் அவர்தான். “அனுப்பாதே அனுப்பாதேன்னு ஊரே சொல்லித்து. நான்தான் கேக்கலே” என்று என்னிடம் அல்ல, சுவரைப் பார்த்துச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நீங்கள் கேட்கும் மன்னிப்பு எனக்கு எதற்கும் உதவாது. மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எழுதியது நீங்கள், கிழிக்கச் சொன்னது நீங்கள், ‘எங்களுக்குள் சகஜம்’ என்றது பொய் என்று எழுதுங்கள். அன்று அந்த அறையில் நீங்கள் செய்தது எதையும் விடாமல் எழுதுங்கள்.

இன்னொன்று. ஆபீசில் எட்டுப் பேர். எல்லாரையும் நீங்கள் என்று அழைப்பவர் நீங்கள். கூட்டிப் பெருக்கும் மாதேவியையும் என்னையும் மட்டும்தான் நீ என்பீர்கள். மாதேவிக்கு உங்கள் தாயார் வயது இருக்கும்.

யதுகிரி

*

மைசூர்
20 ஜூன் 1938

யதுகிரி அம்மாளுக்கு,

நீங்கள் என்று எழுதப் பழகிக்கொள்கிறேன். புதுச் செருப்புப் போலக் கடிக்கிறது. கேலி செய்கிறேன் என்று நினைக்கவேண்டாம். எழுதியபின்தான் அதுவும் கேலியாக இருப்பது தெரிகிறது.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அந்தக் குறிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. லீவு எடுத்திருக்கிறீர்கள் என்றே மேனேஜர் எங்களிடம் சொன்னார்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். நான் உள்ளே போனதும் அந்த டிராப்டை என் முன்னால் தள்ளி, “ஏனிது? ஓதி ஹேளி” என்றார். நான் எழுதியதை நானே படித்துக் கன்னடத்தில் அர்த்தம் சொல்லவேண்டும்! மழை, குடை எல்லாம் சொன்னேன். முசுடு என்று அவரைச் சொன்ன வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவரைச் சொன்னதை விழுங்கத் தெரிந்த எனக்கு, உங்களைச் சொன்னதை விழுங்கத் தோன்றவில்லை. படித்து முடித்ததும் அவர் என்னையே பார்த்தார். அப்போதுதான் அந்தச் சகஜம் வாயில் வந்தது. தனியாக மாட்டிக்கொள்ள மனம் வரவில்லை, உங்களையும் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டேன்.

எழுத்தில் கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். ஆகஸ்டில் என்னை உதவி மேனேஜராக்குவதாகப் பேச்சு இருக்கிறது. இந்த ஆபீசில் பன்னிரண்டு வருஷம் உழைத்துவிட்டு அதற்குக் காத்திருக்கிறேன். எழுதிக் கொடுத்தால் அது பைலில் உட்கார்ந்துகொண்டு சாகிறவரை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். நல்ல நேரம் பார்த்து மேனேஜரிடம் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். அவர் காதில் போட்டால் போதாதா?

இதையும் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது. நீங்களும் சிரித்தீர்கள். ஒரு நாளாவது முகம் சுளித்திருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன்.

நஞ்சுண்டசாமி

*

ஸ்ரீரங்கப்பட்டணம்
23 ஜூன் 1938

ஹெட்கிளார்க் அவர்களுக்கு,

ஆம், சிரித்தேன்.

முதல் மாதம் மனதாரச் சிரித்தேன். காலையிலிருந்து மாலைவரை கன்னடமும் இங்கிலீஷும் கேட்ட காதுக்கு, காகிதத்தின் அடியில் இரண்டு வரி தமிழ் வந்தால் நன்றாக இருந்தது. ‘டயர்காரனுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறேன், பார்த்து அடியுங்கள்’ என்று எழுதினீர்கள். அப்போது நீங்கள் என்றுதான் எழுதினீர்கள். எப்போது நீ ஆனது என்று எனக்கு நினைவில்லை. நான் கவனித்திருக்கவேண்டும்.

மார்ச் மாதம் ஒரு நாள் நான் சிரிக்கவில்லை. என் புடவை நிறத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். விதவைக்கு நிறம் எது? கிழித்தேன், வேலையைப் பார்த்தேன். அன்று ஐந்தரை மணிக்கு மூன்று டிராப்டுகளைக் கொண்டுவந்து வைத்தீர்கள். “அவசரம்” என்றீர்கள். ஆறேகால் வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி வரும்வரை ரயிலடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மறுநாள் சிரித்தேன். டிராப்டுகள் நான்கு மணிக்கே வந்துவிட்டன. நீங்கள் வேண்டுமென்று செய்தீர்களா, எனக்குத் தெரியாது. உங்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். ஆனால் எனக்கு நேரத்தில் வீடு போகவேண்டும். அதன்பிறகு சிரித்ததெல்லாம் ரயிலுக்காகச் சிரித்தது.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஒருமுறை நானும் பதில் எழுதினேன். ஜனவரியில். உங்கள் டம்ளர் மேஜைமேல் தொடாமலே ஆறிக்கொண்டிருந்தது. ‘முதலில் காபியைக் குடியுங்கள். டயர் எங்கும் ஓடிப்போகாது’ என்று துண்டில் எழுதி உங்கள் பக்கம் நகர்த்தினேன். வேறொன்றும் இல்லை. அதைக்கூட எழுதியிருக்கக்கூடாது என்று பதினைந்து நாளாக நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் இல்லை. அந்தத் துண்டு என்ன ஆனதோ, உங்களுக்குத்தான் தெரியும்.

வாயால் சொல்கிறேன் என்கிறீர்கள். என்னைப் பற்றி எழுத்தில் இருக்கும்போது உங்களைப் பற்றி மட்டும் ஏன் காதில் இருக்கவேண்டும்? பைல் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது உங்களுக்குப் பரவாயில்லையா?

முப்பதாம் தேதிக்கு இன்னும் ஏழு நாள்.

யதுகிரி

*

மைசூர்
26 ஜூன் 1938

யதுகிரி அம்மாள் அவர்களுக்கு,

அந்த மூன்று டிராப்டுகள் எனக்கு நினைவிருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதும்வரை அதை எனக்கே நான் ஒப்புக்கொண்டதில்லை.

மேனேஜருக்கு எழுதியிருக்கிறேன். கொடுப்பதற்கு முன் உங்களுக்குக் காட்டவேண்டும் என்று டிராப்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலில் குறும்பாக எழுதியது நான் ஒருவன் மட்டும். அடியைக் கிழிக்கச் சொன்னதும் நான். அந்த அம்மாள் மேலதிகாரி சொன்னதைச் செய்தார். சகஜம் என்று நான் சொன்னது பொய். சிரிக்காத அன்று வேலையைத் தாமதமாகக் கொடுத்தேன். இவ்வளவும் அதில் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

சரியாக இருந்தால் சொல்லுங்கள். திங்கட்கிழமை ஆளிடம் கொடுத்தனுப்பினால் செவ்வாய்க்கிழமை மேனேஜர் கையில் சேர்த்துவிடுவேன்.

நஞ்சுண்டசாமி

*

ஸ்ரீரங்கப்பட்டணம்
27 ஜூன் 1938

ஹெட்கிளார்க் அவர்களுக்கு,

டிராப்டைத் திருப்பி அனுப்புகிறேன். எழுதியது எல்லாம் சரி. அடியில் இரண்டு விரற்கடை இடம் வெறுமையாக இருக்கிறது. அங்கே எழுதவேண்டியது ஒன்று பாக்கி.

யதுகிரி

*

மைசூர்
29 ஜூன் 1938

ஸ்ரீமதி யதுகிரி அம்மாள் அவர்களுக்கு,

உங்கள் துண்டுக் கடிதம் திங்கள் மாலை வந்தது. அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு ஏதாவது தெரியுமா, தெரியாமல் கேட்கிறீர்களா என்று புரியவில்லை. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இனி ஒளிப்பதற்கில்லை.

உங்கள் காபித் துண்டை நான் எறியவில்லை. என் மேஜை இழுப்பறையில், ஸ்டாம்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் அந்த ஆபீசில் என்னைக் காபி குடி என்று சொன்னவர் வேறு யாருமில்லை. ஜனவரியிலிருந்து ஜூன்வரை அதை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். வேறு எண்ணம் இல்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேனே. வேறு எண்ணம் இல்லாதவன் அதைப் பத்திரப்படுத்தியிருக்கமாட்டான்.

சகஜம் என்று நான் சொன்னதை மேனேஜர் நம்பவில்லை. “அந்த அம்மாள் மௌனமாக இருக்கிறவராயிற்றே” என்றார். உங்களை அவர் அப்போதுவரை சந்தேகப்படவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து அந்தத் துண்டை எடுத்துவந்து அவர் மேஜைமேல் வைத்தேன். ‘பாருங்கள் சார், அவர்களும் எழுதுவார்கள்’ என்றேன். ‘ஓதி ஹேளி’ என்றார். காபியையும் டயரையும் படித்து அர்த்தம் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அதன்பிறகுதான் அவர் பழைய பைலைக் கொண்டுவரச் சொன்னார்.

உங்களை வெளியே தள்ளியது ‘சகஜம்’ என்ற வார்த்தை அல்ல. அந்தத் துண்டும் அதை எடுத்துவந்த என் கையும்தான். இதை மூன்று கடிதத்தில் மறைத்தேன். நீங்களே அதை வெட்கத்தோடு சொன்னபிறகும் மறைத்தேன்.

என் மனைவி நாச்சம்மாளிடம் சொன்னேன். அவள் படிக்காதவள், அதிகம் பேசமாட்டாள். “அந்தப் பொண்ணு எழுதுனத எதுக்குங்க இத்தன நாளா எடுத்து வெச்சிருந்தீங்க?” என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நேற்றுக் காலை அடியிலிருந்த இரண்டு விரற்கடையிலும் எழுதினேன். இடம் போதவில்லை, இன்னொரு தாள் சேர்த்தேன். நீங்கள் பார்த்த அதே தமிழ் டிராப்டையே கொடுத்ததால் மேனேஜர் மறுபடியும் என்னிடமே நீட்டினார். அவர் அறைக்கதவு திறந்திருந்தது. கண்டக்டர் சித்தையனும் இன்னும் மூன்று பேரும் வெளியே டிக்கட் கட்டு வாங்க நின்றுகொண்டிருந்தார்கள். கதவைச் சாத்தட்டுமா என்று கேட்க வாய் எடுத்தேன். பிறகு கேட்கவில்லை. ஒரு வரி விடாமல் படித்துக் கன்னடத்தில் சொன்னேன். இந்தத் தடவை முசுடையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சித்தையன் தலையைக் குனிந்துகொண்டான். பத்து வருஷமாக என் கேலிக்கு முதலில் சிரிக்கிறவன் அவன்.

உங்களைப் பற்றிய வரியை மேனேஜர் என் கண் முன்னாலேயே அடித்துவிட்டு, ‘நடத்தை குறையற்றது’ என்று எழுதினார். நாளைக் கூட்டத்துக்கு அதுதான் போகும். எனக்கு உதவி மேனேஜர் வேலை இல்லை. நஞ்சன்கூடு பஸ் ஸ்டாண்டில் டிக்கட் சரிபார்க்கும் வேலை, அடுத்த மாதம் முதல். வேண்டாமென்றால் வீட்டுக்குப் போகலாம் என்றார். இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

காபித் துண்டைத் திருப்பிக் கேட்டேன். மேனேஜர் கொடுத்துவிட்டார். இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அது உங்களுடையது. நான் அதை இரண்டு முறை திருடினேன்.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் மறுபடியும் எனக்குப் பதில் சொல்லவேண்டிய கடமையில் மாட்டிக்கொள்வீர்கள்.

கி. நஞ்சுண்டசாமி

*

மைசூர்
9 ஆகஸ்ட் 1938

திரு. நஞ்சுண்டசாமி அவர்களுக்கு,

நஞ்சன்கூட்டுக்கு எழுதுகிறேன். நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று மாதேவி சொன்னார். அவரை மார்க்கெட்டில் பார்த்தேன்.

டைரக்டர்கள் என்னை நிலையாக்கினார்கள். ஒரு வாரம் போய் வேலை செய்தேன். யாரும் என்னிடம் பேசவில்லை. கெட்ட எண்ணத்தில் அல்ல, பயத்தில். நான் உள்ளே வந்தால் சித்தையன் சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் நிறுத்திவிடுவான். பாவம், அவன் என்ன செய்தான்? சான்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் ஆபீசில் இருக்கிறேன். அண்ணாவே வந்து சேர்த்துவிட்டுப் போனார். வாசலில், “ஆறேகால் வண்டிக்கு நான் ஸ்டேஷனுக்கு வந்து நிக்கட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். அந்தத் துண்டு மேனேஜர் மேஜைமேல் இருந்ததை நான் அன்றே பார்த்தேன். என்னை உள்ளே கூப்பிட்டதும் முதலில் அதைத்தான் எடுத்து வைத்தார். காபி என்று நான் எழுதிய இடத்தில் பென்சில் கொஞ்சம் தேய்ந்திருந்தது. அது யார் கையிலிருந்து அங்கே வந்திருக்கும் என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. உங்கள் முதல் கடிதம் வந்தபோதும் தெரியும், டிராப்டு வந்தபோதும் தெரியும். உங்களாலேயே அதைச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கக் காத்திருந்தேன். முடியாமல் போயிருந்தால் நானே போய் மேனேஜரிடம் சொல்லியிருப்பேன். அதற்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். அதை அனுப்பவேண்டிய அவசியம் வராததற்கு உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் உங்களைச் சோதித்துப் பார்த்தேன் என்பதில் எனக்கும் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். அந்த வார்த்தையை எழுத இரண்டு பேரும் இன்னும் கொஞ்சம் நெருங்கியிருக்கவேண்டும். நமக்குள் அப்படி எதுவும் இல்லை. ஒரே ஆபீசில் வேலை பார்த்தோம். அந்த அளவுக்கு நீங்கள் கடைசியில் சரியாக நடந்துகொண்டீர்கள். அதை எழுதித் தரத்தான் இந்தக் கடிதம். வேண்டுமானால் நாச்சம்மாளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

துண்டைக் கிழித்துப்போட்டேன். உங்கள் கடிதங்களையும் இன்று வீட்டுக்குப் போனதும் அடுப்பில் போடுகிறேன். இனி எழுதவேண்டாம்.

இங்கே தலைமை ஆசிரியை டிராப்டு எழுதிக் கொடுக்கிறார். நல்ல கையெழுத்து. நீங்கள் என்றுதான் பேசுவார். அடியில் ஒன்றும் எழுதமாட்டார், வெறும் இடமாகவே இருக்கும். அடித்து முடித்துக் குண்டூசி எடுப்பதற்கு முன்னால் என் கை தானாக அங்கே போய் அந்த வெறும் இடத்தைக் கிழித்துவிடுகிறது. நேற்றும் கிழித்தேன். ஏனம்மா கிழிக்கிறீர்கள் என்று அவர் கேட்டார்.

யதுகிரி